அம்மாவின் முகமும் அந்த ஆளின் திரையும்

கணினித் திரையில் சாம்பல் நிறம் எதற்கு, கறுப்பும் வெள்ளையும் இருந்தால் போதாதா என்று யாராவது கேட்டால் எனக்குக் கை பரபரக்கும். கேட்கிறவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். புதிதாக ஏதோ வாங்கப் போகிறார், எது உருப்படியானது என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார், அவ்வளவுதான். ஆனால் இதே கேள்வியை ஒரு ஆள் என் அம்மாவின் முகத்தைத் திரையில் வைத்துக்கொண்டு கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான். அதற்குப் பிறகு என்னால் இந்த விஷயத்தை நிதானமாகப் பேச முடிந்ததே இல்லை.

என் அம்மா கறுப்பு. மாநிறம் என்று சொல்லி மழுப்புகிற கறுப்பு இல்லை, நல்ல கறுப்பு. கருங்குழிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தாள். அடுப்பு முன்னால் நின்று நின்று நெற்றி எப்போதும் பளபளவென்று இருக்கும். கன்னம் அதைவிடக் கொஞ்சம் மங்கல். கண்ணுக்குக் கீழே இன்னும் கறுப்பு. இடது புருவத்தின் மேல் எண்ணெய் தெறித்த தழும்பு ஒன்று உண்டு, அது மட்டும் பழுப்பாக இருக்கும். கோபம் வந்தால் அந்தத் தழும்பு மேலே ஏறும். வாயைத் திறக்காமலே எங்களை அடக்கிவிடுவாள். அந்த முகம் கண்ணை மூடினால் எனக்கு இப்போதும் அப்படியே வரும்.

அம்மா போய் ஒரு வருஷம் ஆனபோது, வருஷப் பூசைக்கு முன்னால் கல்லறைக்குக் கல் வைத்துவிட வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றான். சும்மா பெயர் போட்ட கல் வேண்டாம், முகம் போட்ட கல்தான் வேண்டும் என்றான். எங்கள் தாத்தா, பூட்டன் யாருக்கும் கல் கிடையாது. மண்மேடு, ஒரு மரச் சிலுவை, இரண்டு மழைக்காலத்தில் அதுவும் போய்விடும். அதனால் அவன் ஆசை எனக்குப் புரிந்தது. மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடற்கரைச் சாலையில், லேசர் மெஷினில் கறுப்பு கிரானைட் மேல் போட்டோ போடுகிற கடை ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். செங்கல்பட்டில் பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக நானும் அவனும் போனோம். அம்மாவின் போட்டோவை நான் ஒரு நோட்டுக்குள் வைத்து மடியிலேயே வைத்திருந்தேன்.

கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். ஏசி போட்ட சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின். டீ குடித்துக்கொண்டு அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். போட்டோவை ஸ்கேன் செய்து திரையில் கொண்டுவந்தார். ஏதோ ஒன்றைத் தட்டினார். அம்மாவின் முகம் போய்விட்டது. போய்விட்டது என்றால் நிஜமாகவே போய்விட்டது. திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் பல் வரிசை மட்டும் வெள்ளை.

அவர் திரையைச் சிநேகிதர்கள் பக்கம் திருப்பினார். "பாரு மச்சான், பல்லு மட்டும் வந்துகீது."

அவர்கள் சிரித்தார்கள். ஒருவனுக்குப் புரையேறி டீ சட்டையில் சிந்தியது.

அண்ணன் தயங்கித் தயங்கி, "இன்னாண்ணே, மூஞ்சி வராதா?" என்று கேட்டான்.

"கருப்புக் கல்லுல கருப்பு மூஞ்சி எங்கப்பா வரும்? கல்லுதான் தெரியும். மெஷினு சுட்ட எடம் வெளுக்கும், சுடாத எடம் கருப்பு. ரெண்டே கலரு. நடுவுல ஒண்ணுமே கெடையாது. நம்ம திரையும் அப்பிடித்தான் வச்சிகீறேன், கல்லு எப்பிடியோ அப்பிடி. சாம்பலு கீம்பலுன்னு போட்டு இன்னாத்துக்கு பேஜாரு?"

பிறகு, "இரு, ஒரு வேல பண்ணலாம்" என்று எதையோ பிடித்து இழுத்தார். கறுப்பு விலகி முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நெற்றி வெள்ளை, கன்னம் வெள்ளை, மூக்கு இருந்த இடமும் வெள்ளை. தழும்பு காணாமல் போனது. பவுடர் அப்பிய, எந்தச் சண்டையும் போடத் தெரியாத, யாரோ ஒரு பெண் திரையில் இருந்தாள்.

"இப்ப பாரு, எம்மாம் லட்சணமா கீறாங்க!"

அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தான். "நல்லாதான் கீது. அம்மா கலரா கீறாங்க" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்குக் கல் வேண்டும். நான்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இது எங்கம்மா இல்லை, நிறுத்துய்யா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஊரில் எல்லோரிடமும் வாயாடி என்று பெயர் எடுத்தவள், அங்கே மூன்று ஆம்பிளைகள் சிரித்த சிரிப்பில் மரமாக நின்றேன். அந்த ஆள் மேல் உள்ள கோபத்தில் பாதி என் மேல் உள்ளது. அதையும் சேர்த்து அவன் கணக்கிலேயே எழுதிவிட்டேன், அது வேறு.

கல் வந்தது. வைத்தோம். பூசைக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டு, "சின்ன வயசு போட்டோவா?" என்று கேட்டார்கள். அம்மாவுடன் பதினைந்து வருஷம் ஒரே அடுப்பில் வேலை செய்த அக்கா, பூமாலையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கல்லையெல்லாம் தேடிவிட்டு, கடைசியில் பெயரைப் படித்துப் பார்த்துத்தான் எங்கள் கல்லுக்கு வந்தார். நான் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. யாரோ ஒருத்திக்கு நான் ஏன் ஏற்ற வேண்டும்?

அப்போது நான் கூடுவாஞ்சேரியில் ஒரு லாரி ஆபீஸில் டைப் அடிக்கிற வேலையில் இருந்தேன். தினமும் ரயில், தினமும் அதே நெரிசல், தினமும் அதே நினைப்பு. அந்தக் கடைக்காரனை என்ன செய்யலாம்? கண்ணாடியில் கல்லெறியலாம் என்று ஒரு நாள் தோன்றும். மெஷினில் மண்ணைக் கொட்டலாம் என்று ஒரு நாள். இதெல்லாம் ரயில் இறங்கும் வரைதான். ஒரு சாயங்காலம் வடை வாங்கினேன். சுற்றிக் கொடுத்த நியூஸ் பேப்பரில் ஒரு தலைவரின் படம். எண்ணெய் பட்டு ஊறியிருந்தது. கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். முகமே இல்லை, வெறும் புள்ளி. கறுப்பு மசிப் புள்ளி, இடையில் தாள். அங்கேயும் இரண்டே நிறம்தான். தள்ளிப் பிடித்தால் கன்னம், மோவாய், கண்ணுக்குக் கீழே பை, எல்லாம் இருந்தது. அட பாவி, முடியும்! கல்லுக்கு இரண்டே நிறம் என்று அவன் சொன்னது சரி. அதனால் முகம் வராது என்று சொன்னதுதான் பொய். வடையைச் சாப்பிட மறந்து, அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் மாமல்லபுரம் போனேன். கடைக் கண்ணாடியில், கம்ப்யூட்டர் தெரிந்த பெண் தேவை என்று எழுதி ஒட்டியிருந்தது. கடவுளே கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். எந்தக் கடவுள் பழிவாங்கக் கூப்பிடுவார் என்று அப்போது யோசிக்கவில்லை.

உள்ளே போய் நின்றேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எந்த ஊர், என்ன படிப்பு என்று கேட்டார். நேருக்கு நேர் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். தெரியவே இல்லை. எனக்கு உள்ளே கொதித்தது. தெரிந்திருந்து வேண்டாம் என்று துரத்தியிருந்தால்கூட இவ்வளவு கொதித்திருக்காது. வேலையில் சேர்ந்தேன். வீட்டில் அண்ணன், "அந்தக் கடையா? நல்ல மனுசனாச்சே" என்றான்.

இரண்டு வருஷம் அங்கே இருந்தேன். தொழிலை அக்கு வேறு ஆணி வேறாகக் கற்றேன். லேசர் ஒளி கல்லின் பளபளப்பைச் சுட்டு ஒரு வெள்ளைப் புள்ளி வைக்கும். புள்ளி நெருங்கி விழுந்தால் அந்த இடம் வெளுப்பு. தள்ளித் தள்ளி விழுந்தால் கறுப்பு. நடுவில் எத்தனை நெருக்கமோ அத்தனை சாம்பல். புள்ளி வைக்கும் வேலையை மெஷின் பார்த்துக்கொள்ளும். எங்கே எவ்வளவு என்பதை மட்டும் அதற்குமுன் ஆள் பார்த்துச் சரி செய்ய வேண்டும். கறுத்த முகத்துக்குப் புள்ளி மிகக் கொஞ்சம்தான் வேண்டும். ஆனால் அந்தக் கொஞ்சம் சரியான இடத்தில் விழ வேண்டும், மூக்கு நுனியில் நாலு, கன்னத்து மேட்டில் பத்து என்று. அதைப் பார்க்க எனக்குச் சாம்பல் நிறம் தெரிகிற திரை வேண்டும். கல்லுக்குத் தேவையில்லைதான். என் கண்ணுக்குத் தேவை. கறுப்பு வெள்ளைத் திரையில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்வது, கறியை வாயில் வைக்காமலே உப்பு போடுகிற மாதிரி.

அந்த ஆளோ திரையைக் கல்லாகவே மாற்றி வைத்திருந்தார். மானிட்டரில் உள்ள பட்டனை அமுக்கி அமுக்கி வெளிச்சத்தையும் கறுப்பையும் கோடிக்குத் தள்ளியிருந்தார். சாம்பலில் இருக்கிற எதுவும் ஒன்று கறுப்பில் விழும், இல்லை வெள்ளையில் விழும். திரையில் பார்ப்பதும் கல்லில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நியாயம். கேட்டால் நியாயமாகவே தோன்றும், அதுதான் கொடுமை. நான் பகலில் சரி செய்வேன். மறுநாள் காலையில் வந்தால் பழையபடி தள்ளி வைத்திருப்பார். "கண்ணு கூசுதும்மா, மசமசன்னு கீது" என்பார். "சரிண்ணே" என்பேன். அவர் டீக்குப் போனதும் மறுபடி மாற்றுவேன். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, ஆறு மாதம் இந்தக் கூத்து நடந்தது. பட்டனில் எழுத்தே அழிந்துபோனது.

பிறகு நான் செய்த முகங்களைப் பார்த்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். கோவளத்திலிருந்து ஒரு மீன்காரம்மா, இறந்துபோன தன் புருஷன் கல்லைப் பார்த்ததும் அதன் கன்னத்தில் ஒரு தட்டு தட்டி, "குடிகாரா" என்று திட்டிவிட்டு அழுதார். வெயிலில் காய்ந்த முகம், உப்பில் ஊறிய முகம், செங்கல் சூளையில் வெந்த முகம், எல்லாம் அந்தந்த நிறத்திலேயே வந்தன. வெளுக்கச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. "அவங்க இப்பிடியா இருந்தாங்க?" என்று ஒரு கேள்வி கேட்பேன். பெரும்பாலும் அதற்கு மேல் பேச மாட்டார்கள். எங்கள் சர்ச் பங்கிலும் பேச்சுப் பரவியது. அந்தக் கடையில் நம்ம பொண்ணு இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுத்தால் ஆள் அப்படியே வருகிறது என்று. கருங்குழியிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள்.

கடைக்காரர் திரையை மாற்றுவதை நிறுத்திவிட்டார். கம்ப்யூட்டர் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார் என்று சொல்ல வேண்டும். யார் வந்தாலும், "அந்தப் பாப்பாகிட்ட குடு, அது பாத்துக்கும்" என்பார். மழை நாளில் அவரே ஸ்கூட்டரில் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவிடுவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் மனைவியிடம் சொல்லிக் கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பினார். கொஞ்சம் இளகியிருக்கலாம்தான். நான் இளகவில்லை. நல்லவனாக இருந்துகொண்டு ஒருத்தன் எப்படி அப்படிச் சிரித்தான் என்று கோபம் இன்னும் ஏறியதே தவிர இறங்கவில்லை.

அந்த வருஷம் நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்கு ஒரு மாதம் முன்னால் அம்மாவின் கல்லைச் செய்தேன். ஒளிந்து செய்யவில்லை. "அண்ணே, எங்கம்மா கல்லு மாத்தணும்" என்று நேராகவே கேட்டேன். நல்ல கல்லாக அவரே தேர்ந்து கொடுத்தார். மூன்று நாள் திரையில் அம்மாவோடு இருந்தேன். நெற்றிப் பளபளப்பு, கன்னத்து மங்கல், கண்ணுக்குக் கீழே உள்ள கறுப்பு, தழும்பு. மெஷின் சுட்டு முடித்ததும் தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். அம்மா முறைத்தாள்.

கடைக்காரர் வந்து பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். "யம்மா, உயிரோட கீறாங்கம்மா" என்றார். பழைய கல் எப்படி நட்டிருக்கிறது, பார்க்க வேண்டும் என்றார். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அய்ய, இன்னாம்மா இது? எவன் செஞ்சது இத? மூஞ்சியவே நாஸ்தி பண்ணி வச்சிகீறான்! இவனெல்லாம் தொழிலு பண்லன்னு எவன் அழுதான்?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். நடிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. துளியும் நினைவில்லை. என் அம்மாவை ஊர் முன்னால் பல் வரிசையாக நிறுத்திச் சிரித்தது, வெள்ளையடித்து யாரோ ஆக்கியது, அதை நான் மூன்று வருஷம் நெஞ்சில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் சுமந்தது, இவை எதுவும் அந்த ஆளுக்கு ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. "தெரியலண்ணே, எவனோ செஞ்சான்" என்றேன். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் ஜனத்துக்குக் கல்லறைத் திருநாள்தான் கெடு. அன்றைக்குச் சாயங்காலம் பாதிரியார் வந்து ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளிப்பார். அதற்குள் கல் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு வருஷம். அதனால் கடைசி பத்து நாள் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் கோவளத்துக்குக் கல் நட்டுவிட்டு வருகிறேன் என்று ஆட்களோடு போனார். இழுப்பறையில் பதினான்கு கவர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோ, மேலே பெயர், ஊர். எல்லாம் என் கையில் கொடுத்தவை. எல்லாம் என் கையெழுத்து.

கம்ப்யூட்டரில் நான் இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த அளவுகள் இருந்தன, எந்த நிற முகத்துக்கு எவ்வளவு புள்ளி, எந்த வேகம் என்று. ஒவ்வொன்றாக அழித்தேன். பிறகு மானிட்டர் பட்டனை அமுக்கினேன். வெளிச்சம் கோடிக்கு, கறுப்பு கோடிக்கு. அவருக்குப் பிடித்த மாதிரியே, கல் மாதிரியே வைத்தேன். கவர்களைப் பார்த்தேன். எடுத்துக்கொண்டு போய் அவரவரிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கொடுத்தால் அவன் எதில் மாட்டுவான்? கேட்டு வருகிறவர்கள் முன்னால் அவன் நின்று முழிக்க வேண்டும். இழுப்பறையை மூடினேன். சாவியை எதிர் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

அந்தப் பத்து நாளும் எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "ம்மா, எங்கம்மா கீற? வூட்ல எதுனா பிரச்சனயா?" என்று முதலில். அப்புறம், "மெஷினு இன்னாவோ ஆய்டுச்சும்மா, எத போட்டாலும் கருப்பாவே வருது." அப்புறம், "ம்மா, ஜனங்க வந்து நிக்கிறாங்க. கால்ல வேணா வுயறேன், ஒரு நாள் வந்துட்டு போம்மா." கடைசியில் சொன்னதை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். அம்மாவின் பழைய கல்லை அண்ணனை விட்டுப் பெயர்த்தெடுத்து, கடப்பாறையால் நானே உடைத்தேன். "ஏன் இம்மாம் வெறி?" என்று அண்ணன் பயந்துபோய்க் கேட்டான். முன்பே வண்டியில் வந்து இறங்கியிருந்த புதுக் கல்லை நட்டு, துணியை எடுத்ததும் அவன் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். "முறைக்கிறாங்கடி" என்றான். அப்போதுதான் அந்த ஆளுக்கு ஒரே ஒரு பதில் அனுப்பினேன். பழைய கல்லின் படம், அதன் கீழே, இது நீங்க செஞ்சது, எங்க அம்மா, நீங்க சிரிச்சீங்க என்று.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "எத்தினியோ கல்லு செய்றோம்மா. எது யாருதுன்னு எப்பிடி நாபகம் இருக்கும்? தப்பா இருந்தா மன்னிச்சிடும்மா. நீ எப்ப வர?"

மன்னிச்சிடு என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டான்! போனைக் கட்டிலில் வீசினேன். அவன் அழுதிருக்க வேண்டும், இல்லை என்னைத் திட்டியிருக்க வேண்டும். எனக்கு வேண்டியது இரண்டில் ஒன்று. இரண்டும் கிடைக்கவில்லை. போகட்டும், அவன் கடை நாறியது நாறியதுதான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

கல்லறைத் திருநாள் அன்று காலையெல்லாம் மழை. மூன்று மணிக்கு விட்டது. சேறாகிக் கிடந்த கல்லறைத் தோட்டத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஜனங்கள் அம்மாவின் கல் முன்னால் நின்று நின்று போனார்கள். அம்மாவோடு வேலை செய்த அக்கா இந்தத் தடவை பெயரைப் படிக்கவில்லை, நேராக வந்து மாலையைப் போட்டார். நான் முதல் தடவையாக அங்கே மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்றில் அணைந்தது, மறுபடி ஏற்றினேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே, இந்த வார்த்தையில்தான் நினைத்தேன்.

நான்கு கல்லறை தள்ளி ஒரு அக்கா ஒண்டியாக நின்றுகொண்டிருந்தார். பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர், கோவிலில் பார்த்த முகம். புருஷன் ஷேர் ஆட்டோ ஓட்டியவர், போன தை மாதம் போய்விட்டார். அவருக்கு முன்னால் புத்தம் புதுக் கல். நான் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கண் போய்விட்டது. கல்லில் ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. காலர், பட்டன், பாக்கெட்டில் செருகிய பேனா, எல்லாம் துல்லியமாக இருந்தது. காலருக்கு மேலே வெறும் கல். மழைத் தண்ணீர் வழிந்து பளபளத்துக்கொண்டிருந்தது.

பதினான்கில் ஒன்று. செப்டம்பரில் அந்த அக்கா மகள் வீட்டுக்குப் போகும் வழியில் கடைக்கு வந்து, கைக்குட்டையில் சுற்றிய போட்டோவை என் கையில் கொடுத்தார். நல்ல கறுப்பான, சிரித்த முகம். நீயே செய் பாப்பா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். கவரில் பெயர் எழுதியது நான். இழுப்பறையை மூடியது நான்.

நகர்ந்துவிடலாம் என்று திரும்பினேன். அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு சேற்றில் மெதுவாக நடந்து வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அம்மாவின் கல்லைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்பிடியே கீறாங்க உங்கம்மா" என்றார். பிறகு தன் புருஷன் கல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஏதோ தன் மேல் தப்பு இருப்பதுபோல, "நான் குடுத்த போட்டோ சரியில்லன்னு சொன்னாரும்மா கடக்காரரு. சட்ட மட்டுந்தான் வந்துகீது" என்றார்.

அந்தப் போட்டோவில் ஒரு குறையும் இல்லை.

அவர் என் கையைப் பிடித்தார். மெழுகு பட்ட விரல்கள் சூடாக இருந்தன.

"உனக்கு ஒடம்பு ரொம்ப முடியாம பூட்சின்னு சொன்னாரு. அதான் நீ செய்ய முடியலன்னு. நான்கூட பூசையில உனக்காவ வேண்டிகினேன் பாப்பா. இப்ப எப்பிடி கீது?"

"பரவாயில்லக்கா" என்றேன்.